குளத்து நீரில் குழாய்ச் சுருள் போட்டு வீட்டைக் குளிர்விப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது வெளிநாட்டில் வீட்டைச் சூடாக்கும் முறை அல்லவா? கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு என்ன வேலை?

குளிர்நாடுகளில் ஏரியின் அடியில் குழாயைச் சுருட்டிப் போட்டு, அதில் ஓடும் திரவத்தின் வழியே ஏரி நீரின் வெப்பத்தை ஹீட் பம்ப் என்ற இயந்திரத்தால் வீட்டுக்குள் இழுக்கிறார்கள். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதனால் மேலே பனிக்கட்டி உறைந்தாலும் அடியில் 4 டிகிரியை ஒட்டிய நீர் தங்கும். வெளியே காற்று சைபருக்கு 20 டிகிரி கீழே இருக்கும் நாளில் அந்த 4 டிகிரி பெரிய சொத்து.

நமக்குச் சூடாக்கும் தேவை இல்லை. ஆனால் அதே இயந்திரத்தைத் திருப்பி ஓட்டினால் வீட்டின் வெப்பத்தைக் குளத்தில் கொண்டுபோய் விடும். சாதாரண ஏசி அந்த வெப்பத்தை மொட்டைமாடிக் காற்றில் விடுகிறது. இது குளத்து நீரில் விடுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

மின்சாரம் எவ்வளவு மிச்சமாகும்?

அளவுக்கு மீறி எதிர்பார்க்க வேண்டாம். நம் குளத்து நீர் 4 டிகிரி அல்ல, கோடையில் 28 முதல் 30 டிகிரி வரை நிற்கும். வெயிலில் காயும் காங்கிரீட் தளத்தின் மேல் இருக்கும் ஏசி வெளிப்பெட்டியைச் சுற்றிய காற்று 38, 40 டிகிரி வரை போகும். காற்றை விட நீர் வெப்பத்தை எளிதாக வாங்கிக்கொள்வதையும் சேர்த்தால், கம்ப்ரசருக்குப் பின் வாயு திரவமாகும் வெப்பநிலை 8 முதல் 10 டிகிரி வரை குறையும். ஒரு டிகிரி குறைந்தால் கம்ப்ரசர் மின்செலவு 2 முதல் 3 சதவீதம் குறையும் என்பது தொழிலில் வைத்துக்கொள்ளும் கணக்கு. ஆக, சரியாகப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். தப்பாகப் போட்டால் அதையும் பம்பே தின்றுவிடும். அது எப்படி என்று கீழே இருக்கிறது.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களுக்கு இன்னொரு பலன் உண்டு. உப்புக்காற்று வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளை அரித்துத் தள்ளும். இந்த முறையில் வெளிப்பெட்டியே கிடையாது, இயந்திரம் வீட்டுக்குள் இருக்கும். மின்கட்டணத்தை விட இந்தக் காரணத்துக்காகவே கடலோரத்தில் இதை யோசிக்கலாம்.

எங்கள் குளம் இதற்குப் போதுமா?

முதலில் கேட்க வேண்டியது குளம் எத்தனை சென்ட் என்பதல்ல. ஏப்ரல், மே மாதத்தில் எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்பதுதான். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால் ஐப்பசியில் பார்த்தால் எல்லாக் குளமும் நிறைந்திருக்கும். அணைகளிலிருந்து சானலுக்கு வரும் தண்ணீர் வழக்கமாகப் பிப்ரவரி கடைசியில் நின்றுவிடும். அதற்குப் பிறகு மூன்று மாதம் குளம் தன் சொந்த ஊற்றில் நிற்க வேண்டும். ஏசி அதிகம் ஓடுவதும் அந்த மூன்று மாதம்தான்.

மே மாதக் கடைசியிலும் சுருள் போடும் இடத்தில் 2.5 மீட்டர் ஆழம் இருந்தால் போடலாம். 1.5 மீட்டர்தான் இருக்கும் என்றால் வேண்டாம். அடிவரை வெயில் இறங்கி நீர் முழுக்கச் சூடேறிவிடும். ஒரு கோடை முழுவதும் வாரம் ஒருமுறை கயிற்றில் கல் கட்டி அளந்து எழுதி வையுங்கள். அந்த ஏட்டைப் பார்த்துவிட்டுக் குழாய் வாங்குங்கள்.

பரப்பளவுக்கு ஒரு கணக்கு. ஒரு டன் ஏசி வீட்டிலிருந்து எடுப்பது 3.5 கிலோவாட், கம்ப்ரசரின் சூடும் சேர்ந்து குளத்துக்குப் போவது சுமார் 4.4 கிலோவாட். மூன்று டன்னுக்கு 13 கிலோவாட். 10 சென்ட் குளம், அதாவது சுமார் 400 சதுர மீட்டர், சராசரி 2 மீட்டர் ஆழம் என்றால் 800 கன மீட்டர் தண்ணீர். நாளுக்கு 10 மணி நேரம் முழுமூச்சில் ஓடினாலும் அந்த நீர் ஒரு நாளில் 0.15 டிகிரிதான் ஏறும். அதையும் இரவில் ஆவியாதல் வாங்கிவிடும். இதே மூன்று டன்னை ஒரு சென்ட் குட்டையில் விட்டால் சில நாளில் நீர் 4, 5 டிகிரி கூடி நிலைத்துவிடும். அப்புறம் அது குளிர்விக்காது.

கிணற்றில் போடலாமா? கிணறு எல்லா வீட்டிலும் இருக்கிறதே.

3 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் நீரும் உள்ள உறைகிணற்றில் 28 கன மீட்டர் தண்ணீர் இருக்கும். ஒரு டன் ஏசி 10 மணி நேரம் ஓடினால் அது ஒரே நாளில் 1.3 டிகிரிக்கு மேல் ஏறும். கிணற்றின் மேற்பரப்பு சின்னது, நிழலில் இருப்பது. ஆவியாகிக் குளிரவும் வழி குறைவு. ஊற்று நன்றாக இருந்து, தினமும் தோட்டத்துக்கு இறைத்துப் புதுநீர் ஊறும் கிணறானால் ஒரு படுக்கையறைக்குத் தாங்கும். குடிக்கும் கிணற்றில் போடாதீர்கள்.

கைவிட்ட கல்குவாரிப் பள்ளங்களில் ஆழமும் தெளிவும் மிகுதி, சேறு குறைவு. நீர் என்ற அளவில் அவை மிக நல்லவை. ஆனால் செங்குத்தான பாறை விளிம்பில் குழாய் இறக்குவது ஆபத்தான வேலை, உரிமையும் தெளிவாக இருக்க வேண்டும்.

ஊர்க்குளத்தில் போடலாமா?

கூடாது. பொதுக்குளங்கள் நீர்வளத் துறையிடமோ உள்ளாட்சியிடமோ இருப்பவை. ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022இல் ராம்சர் தளங்களாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. அங்கே பறவைகளுக்குத்தான் இடம். கோயில் தெப்பக்குளங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இங்கே சொல்வதெல்லாம் பட்டா நிலத்தில் உள்ள சொந்தக் குளத்துக்கு மட்டும்.

என்ன குழாய், எவ்வளவு வேண்டும்?

கறுப்பு எச்டிபிஇ (அடர் பாலிஎத்திலீன்) குழாய், பிஇ 100 தரம், வெளிவிட்டம் 25 மி.மீ., பிஎன் 16, அதாவது 16 பார் அழுத்தம் தாங்குவது. குழாயின் மேல் ஐஎஸ் 4984 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்க வேண்டும். இந்தத் தரத்தில் சுவர் கனம் சுமார் 2.3 மி.மீ., உள்விட்டம் 20 மி.மீ.யை ஒட்டி வரும். தோட்டத்துக்குப் போடும் மெல்லிய மறுசுழற்சிக் குழாய் விலை குறைவுதான், ஆனால் நீரடியில் பல வருடம் கிடக்க வேண்டிய வேலைக்கு அது ஆகாது. பிவிசி வேண்டவே வேண்டாம்: வளையாது, ஒவ்வொரு ஒட்டும் ஒரு கசிவு வாய்ப்பு.

நீளம்: டன்னுக்கு 150 மீட்டர். குளிர்நாட்டு இணையப் பக்கங்களில் டன்னுக்கு 300 அடி, அதாவது 90 மீட்டர் என்று பார்த்துவிட்டு அதையே போடுகிறவர்கள் உண்டு. 90 மீட்டரில் 4.4 கிலோவாட் வெளியேற வேண்டுமானால் மீட்டருக்கு 49 வாட். குழாய்க்குள் இருக்கும் நீர் குளத்தை விடச் சராசரியாக 7 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தாக வேண்டும். 150 மீட்டரில் அது மீட்டருக்கு 29 வாட், நாலரை டிகிரி வித்தியாசம் போதும். 4 டிகிரி ஏரிக்காரருக்கு இந்த மூன்று டிகிரி பெரிதில்லை. 29 டிகிரிக் குளத்தில் நமக்குக் கிடைக்கிற மொத்த லாபமே 8, 10 டிகிரிதான். அதில் மூன்றை விட முடியாது.

300 மீட்டர் ரோலாக வாங்கினால் இரண்டு சுருள் ஒட்டே இல்லாமல் கிடைக்கும். 100 மீட்டர் ரோல் வாங்கி நீருக்கடியில் ஒட்டு வைப்பதைத் தவிருங்கள்.

மூன்று டன்னுக்கு 450 மீட்டரை ஒரே குழாயாக ஓட்டலாமா?

ஓட்டினால் பம்ப் திணறும். டன்னுக்கு நிமிடம் 11 முதல் 12 லிட்டர் ஓட வேண்டும். மூன்று டன்னுக்கு 34 லிட்டர். அதை 20 மி.மீ. துளையில் 450 மீட்டர் தள்ளினால் உராய்வு பல மடங்காகும்.

டன்னுக்கு ஒரு சுருள் என்று பிரித்து, மூன்றையும் பக்கவாட்டில் இணையுங்கள். ஒவ்வொன்றிலும் நிமிடம் 11.4 லிட்டர் போகும்போது வேகம் நொடிக்கு 0.58 மீட்டர். நீர் சுழன்று ஓடிக் குழாய்ச் சுவருக்கு வெப்பத்தை நன்றாகக் கொடுக்க அது போதும். 150 மீட்டருக்கு உராய்வு இழப்பு மூன்றரை மீட்டர் அளவில் நிற்கும்.

மூன்று சுருளும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். ஒன்று 120, ஒன்று 180 என்றால் தண்ணீர் குறுகிய வழியில் அதிகமாக ஓடும், நீளச் சுருளில் ஓட்டம் குறையும். ரோலில் அச்சிட்ட மீட்டர் எண்ணைப் பார்த்து வெட்டுங்கள்.

இணைப்பை நீருக்கடியில் வைப்பதா, கரையில் வைப்பதா?

கரையில். வெளிநாட்டில் சுருள்களுக்கு நீரைப் பிரித்துத் தரும் தலைக்குழாயையும் நீருக்குள் இறக்கி, முதலில் நீர் வாங்கும் சுருள் கடைசியில் நீர் திருப்பும்படி இணைப்பார்கள். எல்லாச் சுருளுக்கும் வழி சமமாகும் என்பதால் நல்ல முறைதான். ஆனால் தூர் வாரும் இயந்திரம் ஒரு சுருளைக் கிழித்தால் மொத்த அமைப்பும் நின்றுவிடும்.

கரையில் மூன்றடிக்கு மூன்றடி செங்கல் தொட்டி கட்டி, ஒவ்வொரு சுருளின் இரண்டு வால்களையும் அங்கே கொண்டுவந்து, வாலுக்கு ஒன்றாக ஆறு பால் வால்வு வையுங்கள். ஒன்று கெட்டால் அதை மட்டும் அடைத்துவிட்டு இரண்டில் ஓட்டலாம். தொட்டியிலிருந்து வீட்டுக்கு 40 மி.மீ. குழாய், போக ஒன்று, வர ஒன்று. 30 மீட்டர் தூரம் என்றால் போய்வர உராய்வு ஒரு மீட்டர்தான். ஒரு மீட்டர் ஆழச் சாலில், இரண்டையும் ஒன்றுக்கொன்று 45 செ.மீ. தள்ளிப் பதியுங்கள். ஒட்டிப் பதித்தால் சூடான குழாய் குளிர்ந்த குழாயைச் சூடாக்கும். நம் சரல்மண்ணில் கூரான கல் இருக்கும். குழாயைச் சுற்றி 10 செ.மீ. மணல் போட்டு மூடுங்கள்.

மண்கரையை வெட்டிக் குழாயைக் குறுக்கே விடாதீர்கள். குழாயின் மேனியை ஒட்டியே நீர் வழி கண்டுபிடித்துக் கசியும், ஒரு பெருமழையில் கரை உடையும். கரையின் மேலாக ஏற்றி இறக்குங்கள், அல்லது கரையில்லாத மேட்டுப்பக்கமாகக் கொண்டுபோங்கள். மேலாக ஏற்றினால் உச்சியில் காற்று தங்கும். அங்கே ஒரு காற்றுவால்வு கட்டாயம்.

சுருளை எப்படி விரிப்பது?

ரோலாக வந்ததை அப்படியே கயிறு கட்டித் தூக்கிப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நடுவில் இருக்கும் சுற்றுகள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொண்டு கிடக்கும். 150 மீட்டர் வாங்கி 60 மீட்டர் வேலை வாங்குவது போல.

பாய் போல விரியுங்கள். கரைக்கு வரும் இரண்டு வால்களுக்கும் 10 மீட்டர் வீதம் விட்டால் மீதி 130 மீட்டர். 1.5 மீட்டர் விட்டமுள்ள வளையங்களாக, ஒன்றின் மேல் ஒன்று 30 செ.மீ. நகர்ந்து விழும்படி அடுக்கினால் 26 வளையம் வரும். பாயின் நீளம் 9 மீட்டர், அகலம் 1.5 மீட்டர். ஒரு அங்குல யுபிவிசி குழாயில் சட்டம் செய்து அதன் மேல் கட்டுங்கள். சட்டக் குழாயில் அங்கங்கே துளையிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அதற்குள் காற்று நின்று மிதக்கும். கட்டுவதற்குக் கடலோரக் கடைகளில் வலைக்கு விற்கும் நைலான் கயிறே போதும். கட்டுக்கம்பி கூடாது, நாளடைவில் குழாயை அறுக்கும்.

பாய்களுக்கு இடையே இரண்டு மீட்டர் விடுங்கள். பாய் சேற்றில் படக்கூடாது: சேறு மூடினால் போர்வை போர்த்தியது போல, வெப்பம் வெளியேறாது. சட்டத்தின் அடியில் 30 செ.மீ. உயரக் காங்கிரீட் கட்டைகளைக் காலாகக் கட்டினால் கனமும் ஆயிற்று, உயரமும் ஆயிற்று.

கனம் எவ்வளவு கட்டுவது?

ஒரு சுருளுக்கு 45 கிலோ காங்கிரீட். ஏழரை கிலோக் கட்டை ஆறு.

எச்டிபிஇ தண்ணீரை விடச் சற்று லேசானது. நீர் நிரம்பிய 150 மீட்டர் சுருள் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான விசையில்தான் மேலே இழுக்கும். ஆனால் காலியான சுருளில் 49 லிட்டர் காற்று இருப்பதால் 50 கிலோ இழுக்கும். 45 கிலோ காங்கிரீட் நீருக்குள் 26 கிலோதான் எடை. ஆகவே காலியாக இருக்கும்போது கட்டைகளோடு சேர்ந்தே பாய் மிதக்கும். வாழைத்தண்டுத் தெப்பமோ வள்ளமோ தேவையில்லை. நீர் நிரப்பினால் மூழ்கும். பின்னாளில் பாதிக் குழாயில் காற்று புகுந்தாலும் எழாது. அதைவிட அதிகம் கட்டினால் பழுதுபார்க்க மேலே எழுப்ப முடியாமல் போகும்.

இறக்கும் வேலையை வரிசையாகச் சொல்லுங்கள்.

முதலில் கரையிலேயே சோதனை. சுருளில் நீர் நிரப்பி 6 பார் அழுத்தம் ஏற்றுங்கள். குழாய் கொஞ்சம் விரிவதால் முதல் அரை மணி நேரம் முள் இறங்கும், அது கசிவல்ல. மறுபடி 6க்கு ஏற்றி விடுங்கள். பிறகு இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றால் சரி.

நீரை வடித்துவிட்டு, இரண்டு முனையையும் மூடிப் பாயைக் குளத்தில் தள்ளுங்கள். இரண்டு பக்கமும் கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுத்து இடத்துக்குக் கொண்டுவாருங்கள். முனைகளைத் திறந்து, ஒரு வாலில் மெதுவாக நீர் விடுங்கள், மற்ற வால் திறந்தே இருக்கட்டும். பாய் மெல்ல இறங்கும். ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து இறங்கினால் நீரை நிறுத்திக் கயிற்றால் சமன் செய்யுங்கள். நீந்தத் தெரிந்த இருவர் வேண்டும், ஆனால் இறங்கும் பாயின் அடியில் யாரும் போகக்கூடாது. இறங்கியதும் நான்கு மூலையிலும் மிதவை கட்டுங்கள். வலை வீசுபவருக்கும் தூர் வாருபவருக்கும் அதுதான் எச்சரிக்கை.

வால் குழாய்கள் நீர்விளிம்பில் வெளியே தெரியக்கூடாது. கோடை நீர்மட்டத்துக்கும் அரை மீட்டர் கீழே வரை சால் வெட்டிப் பதியுங்கள். வெயிலில் கிடந்தால் குளம் குளிர்வித்த நீரை அந்தத் துண்டு மறுபடி சூடாக்கும், மாடும் மிதிக்கும்.

ஒட்டு எப்படி?

தொட்டியில் வரும் ஒட்டுகள் எல்லாம் சூடாக்கி ஒட்டுபவையாக இருக்கட்டும். சாக்கெட் முறையில் கருவி 260 டிகிரி, 25 மி.மீ. குழாய்க்கு 7 நொடி சூடு, 4 நொடிக்குள் சேர்ப்பு, இரண்டு நிமிடம் அசைக்காமல் ஆறவிடல். முறுக்கிச் சேர்ப்பது குற்றம், நேராகத் தள்ள வேண்டும். பலத்த காற்று அடிக்கும் நாளில் மறைப்புக் கட்டிக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றில் கருவி சூடு பிடிக்கவே தடுமாறும்.

வீடு குளத்தை விட 10 மீட்டர் மேலே. ஒரு குதிரைத்திறன் பம்ப் போடச் சொல்கிறார்கள்.

போடாதீர்கள். இது மூடிய சுற்று. ஏறும் நீரின் எடையை இறங்கும் நீர் சமன் செய்கிறது. பம்ப் வெல்ல வேண்டியது உராய்வை மட்டும்: சுருளில் மூன்றரை, வீட்டுக்குப் போய்வரும் குழாயில் ஒன்று, இயந்திரத்தில் மூன்று அல்லது நான்கு, வால்வும் வளைவும் சேர்த்து மொத்தம் 10 மீட்டருக்குள். நிமிடம் 34 லிட்டருக்கு 180 வாட் அளவுள்ள சுழற்சிப் பம்ப் போதும்.

மூன்று டன் இயந்திரத்தில் குளம் மிச்சப்படுத்துவது 600 வாட் அளவில்தான். ஒரு குதிரைத்திறன் பம்ப் ஒரு கிலோவாட் வரை இழுக்கும். குளம் தந்ததற்கு மேல் பம்ப் எடுத்துக்கொள்ளும் என்று மேலே சொன்னது இதைத்தான்.

உள்ளே என்ன திரவம்?

வெறும் தண்ணீர். குளிர்நாட்டில் குழாய்க்குள் நீர் உறையும், சுருளின் மேலேயே பனிக்கட்டி படிந்து அதைத் தூக்கி மிதக்கவிடும். அதனால் அவர்கள் உறைதடுப்பான் கலக்கிறார்கள். இங்கே அது வீண்செலவு, நீரோட்டத்துக்கும் இடைஞ்சல். கார் கூலண்ட் ஊற்றவே கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் கசிந்தால் மாட்டுக்கு விஷம். வடிகட்டிய மழைநீரை நிரப்புங்கள், உப்பான போர் தண்ணீர் வேண்டாம்.

நிரப்பும்போது காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். ஒவ்வொரு சுருளாக, மற்ற இரண்டின் வால்வை அடைத்துவிட்டு, நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் நீர் ஓட்டுங்கள், 25 மி.மீ. குழாய்க்கு நிமிடம் 12 லிட்டர். திரும்பி வரும் நீர் வாளியில் குமிழில்லாமல் விழும்வரை, பிறகும் கால் மணி நேரம். கடைசியில் இயந்திரத்தின் அருகே அழுத்தம் ஒன்று முதல் ஒன்றரை பார்.

ஓட்டத் தொடங்கிய பின் எதைக் கவனிப்பது?

இயந்திரத்துக்குள் போகும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் ஒவ்வொரு வெப்பமானி வையுங்கள். பெரும்பாலான கோளாறுகளை இந்த இரண்டு எண்ணே சொல்லிவிடும்.

வித்தியாசம் 5 முதல் 6 டிகிரி என்றால் நீரோட்டம் சரி. 10 டிகிரிக்குப் போனால் நீரோட்டம் பாதியாகிவிட்டது: வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது ஒரு சுருளில் காற்று. தொட்டியில், குளத்துக்குப் போகும் மூன்று வால்களையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடு இல்லாமல் இருந்தால் அதில்தான் நீர் ஓடவில்லை.

வித்தியாசம் சரியாக இருந்து, உள்ளே வரும் நீர் மட்டும் குளத்து அடிநீரை விட 5, 6 டிகிரி சூடாக இருந்தால் குறை சுருளின் வெளியே: பாசியோ சேறோ மூடியிருக்கும். புதிதாகப் போட்டபோது இது இரண்டு டிகிரியை ஒட்டி இருந்திருக்கும். அந்த முதல் வார எண்ணை எழுதி வைத்திருந்தால் ஒப்பிடலாம். நீளக் கம்பு பிடித்த மென்துடைப்பத்தால் தேய்த்தால் போதும்.

அழுத்தம் நாளுக்கு நாள் இறங்கினால் கசிவு. ஆறு வால்வையும் அடைத்து, ஒவ்வொரு சுருளாக அழுத்தம் ஏற்றிப் பார்த்தால் எது என்று தெரியும்.

குளத்தில் தாமரையும் மீனும் இருக்கின்றன.

மீனுக்குத் தொல்லையில்லை. சுருளின் இடுக்குகளில் குஞ்சுகள் ஒதுங்கவும் செய்யும். வலை வீசுவதுதான் பிரச்சினை. சுருள் கிடக்கும் மூலையை வலைக்கு விலக்கி விடுங்கள். தாமரை அப்படியல்ல. கிழங்கு சேற்றில் ஓடிப் பாயைப் பின்னிக்கொள்ளும், பிறகு பாயை எழுப்பவே முடியாது. பூவுக்காகத் தாமரை வளர்க்கும் குளமானால் சுருளை ஆழமான, கொடியில்லாத பகுதியில் போட்டு, சுற்றிலும் மூன்று மீட்டருக்குத் தாமரை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகாயத்தாமரை மேலே மிதப்பதால் சுருளைத் தொடாது. ஆனால் குளம் முழுக்க மூடினால் இரவில் ஆவியாகிக் குளிரும் வழியை அடைத்துவிடும். அதை அள்ளி எறியத்தான் வேண்டும்.

இருக்கிற ஸ்பிளிட் ஏசியை இதற்கு மாற்ற முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேஸை இறக்கி, வெளிப்பெட்டியை வெட்டி, நீர்வழிக் கண்டென்சர் வைத்துத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். கேஸ் அளவும் கம்ப்ரசர் எண்ணெயும் சரிவராமல் போனால் கம்ப்ரசரே போய்விடும். நீரால் குளிரும்படி தொழிற்சாலையில் செய்த இயந்திரம் வேண்டும். அது கடையில் போய் எடுத்து வரும் பொருளல்ல, சொல்லி வைத்து வரவழைக்க வேண்டியது. வாங்கும்போதே வெந்நீர் எடுக்கும் துணைப்பகுதி உள்ளதா என்று கேளுங்கள். குளத்துக்குப் போகும் சூட்டில் ஒரு பங்கு குளியலறைக்குக் கிடைக்கும், கீசர் ஓடும் நேரம் குறையும்.